.308 தோட்டா: மருந்தைக் குறைக்கும் முன் கூட்டை அளந்து பாருங்கள்

கோளாறு இதுதான். .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், 24 அங்குல பேரல். 168 கிரெயின் மேட்ச் குண்டு, ராணுவத்தில் ஒருமுறை சுட்டுக் கழித்த லேக் சிட்டி பித்தளைக் கூடு, சிசிஐ 200 பிரைமர் (கூட்டின் அடியில் அமர்ந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு குப்பி), குச்சி குச்சியாக இருக்கும் வகை வெடிமருந்து. மருந்தின் எடை, மருந்து நிரப்பும் கையேட்டில் போட்டிருக்கும் உச்ச அளவைவிட ஒன்றரை கிரெயின் குறைவு. அப்படியிருந்தும் மூன்றாவது தோட்டாவிலிருந்து போல்ட்டின் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் உருளை) கைப்பிடி தூக்க முடியாமல் இறுகுகிறது. கூட்டின் அடிப்பக்கத்தில், சுட்ட கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் ஊசியின் துளை வட்டம் பளபளவென்று பதிந்திருக்கிறது. 100 கஜத்தில் குண்டுகள் இரண்டரை அங்குலத்துக்குச் சிதறுகின்றன. குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி காட்டும் சராசரி, அந்த எடைக்குக் கையேடு சொல்வதைவிட வினாடிக்கு 80 அடி கூடுதல்.

இதைப் பார்த்ததும் பெரும்பாலோர் ஒரு கிரெயின் மருந்தைக் குறைத்துவிட்டு மறுபடி சுடப் போவார்கள். போல்ட் இளகிவிடும், சிதறல் அப்படியே இருக்கும். இங்கே அழுத்தம் ஏறியதற்கும் குறி கெட்டதற்கும் வேர் பெருமளவு ஒரே இடத்தில் இருக்கிறது: அளக்காமல் விட்ட பித்தளைக் கூட்டில்.

தோட்டாவுக்குக் கையால் மருந்து நிரப்புவது அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையில் நடக்கிற சாதாரண வேலை. சொந்த உபயோகத்துக்கு என்றால் அங்கே கூட்டாட்சி உரிமம் தேவையில்லை, விற்பனைக்குத்தான் தேவை. இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். கீழே வரும் அளவுகள் எல்லாம் அமெரிக்கப் பட்டறை அளவுகள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை, நம் லேத் பட்டறைகளில் சொல்வதுபோல, ஒரு தவ் என்றே எழுதுகிறோம். மருந்தின் எடைக்கு அலகு கிரெயின். ஒரு கிரெயின் கிட்டத்தட்ட 65 மில்லிகிராம், 7,000 கிரெயின் ஒரு பவுண்டு.

முதல் வேலை, மிச்சமிருக்கும் தோட்டாக்களைச் சுடாமல் தனியே எடுத்து வைப்பது. எஜெக்டர் வட்டம் பதிகிறது என்றால் பித்தளை துளைக்குள் வழியத் தொடங்கிவிட்டது என்று பொருள். .308க்கு அமெரிக்கத் தொழில் தர அமைப்பான சாமி வகுத்த உச்ச சராசரி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. பித்தளை கண்ணுக்குத் தெரியும்படி வழியும்போது பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டியிருப்போம். ஆகவே "அடையாளம் தெரியும்வரை ஏற்றிப் பார்ப்போம்" என்பது எல்லை தாண்டிய பிறகு எல்லைக்கல்லைத் தேடுகிற வேலை. எடுத்து வைத்த தோட்டாக்களின் குண்டைக் காலெட் புல்லர் போட்டு உருவிவிடுங்கள். டப்பாவில் வேறு மருந்து கலந்திருக்குமோ என்று துளி சந்தேகம் இருந்தாலும் அந்த மருந்தைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இதற்காகத்தான். பிஸ்டல் மருந்து தவறுதலாக ரைஃபிள் கூட்டுக்குள் போனால் துப்பாக்கியே பிளந்துவிடும்.

அடையாளங்களில் எதை நம்புவது, எதை நம்பக் கூடாது என்பதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். தட்டையான பிரைமரை நம்ப முடியாது. கூட்டின் தோளை (உடம்பு கழுத்தாகக் குறுகும் சரிவு) தேவைக்கு மேல் பின்னுக்குத் தள்ளியிருந்தால், ஃபயரிங் பின் அடித்ததும் கூடு முன்னே போகும், பிரைமர் பின்னே வெளிவரும். அழுத்தம் ஏறியதும் கூட்டின் அடி பின்னோக்கி நீண்டு வந்து பிரைமரைத் திரும்ப அதன் குழிக்குள் நசுக்கும். மிதமான அழுத்தத்திலேயே பிரைமர் ஆணித்தலை போலத் தட்டையாகிவிடும். பிரைமரில் ஃபயரிங் பின் விழுந்த பள்ளத்தைச் சுற்றி விளிம்பு எழும்பியிருப்பதும் அப்படித்தான். போல்ட் முகத்தில் ஃபயரிங் பின் துளை அகலமாக இருந்தால் கடையில் வாங்கிய தோட்டாவிலும் அந்த விளிம்பு வரும். அதே ரைஃபிளில் கடைத் தோட்டா ஐந்து சுட்டு, இரண்டு பிரைமர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது புதிது என்று தெரியும்.

நம்பத் தகுந்தவை நான்கு: இறுகும் போல்ட், அடியில் பதியும் வட்டம், அடுத்த முறை பிரைமர் போடும்போது பிடிமானமே இல்லாமல் வழுக்கிப் போகும் பிரைமர் குழி, எல்லாவற்றுக்கும் மேலாக வேகம். இதே பேரல் நீளத்தில் கையேடு சொல்லும் வேகத்தை மீறி குண்டு போகிறது என்றால் அந்தக் கூடுதல் வேகம் கூடுதல் அழுத்தத்திலிருந்துதான் வந்திருக்கும். வீட்டில் அழுத்தமானி இல்லாதவருக்கு வேகமானிதான் அழுத்தமானி. 80 அடி கூடுதல் என்ற ஒரே எண் போதும், இந்தத் தோட்டா கையேட்டுத் தோட்டா இல்லை என்று சொல்ல.

ஏன் இல்லை? லேக் சிட்டி கூட்டைத் தராசில் வைத்தால் சுமார் 178 கிரெயின் காட்டும். வணிகக் கூடுகளில் லேசான சில 158 பக்கம் நிற்கும். வெளி உருவம் இரண்டுக்கும் ஒன்றே, ஏனென்றால் சுட்டதும் இரண்டும் ஒரே சேம்பரின் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) அச்சில் உப்பியவை. கூடுதல் 20 கிரெயின் பித்தளை உள்பக்கத்தில்தான் இருக்க முடியும். பித்தளை தண்ணீரைவிட எட்டரை மடங்கு கனம். 20ஐ எட்டரையால் வகுத்தால் சுமார் 2.3 கிரெயின் தண்ணீர் பிடிக்கும் இடம் போய்விட்டது. மொத்தமே 55, 56 கிரெயின் தண்ணீர் கொள்ளும் கூட்டில் அது சிறிய இழப்பு அல்ல. அதே மருந்து, குறுகிய அறை, அதனால் ஏறிய அழுத்தம். கையேடு எந்தக் கூட்டை வைத்து எழுதப்பட்டது என்பது அந்தத் தோட்டாவுக்கான பகுதியிலேயே போட்டிருக்கும். அந்த வரியைத் தாண்டி நேராக எடைப் பட்டியலுக்குப் போவதுதான் இங்கே நடந்த முதல் பிழை.

எடையை மட்டும் நம்பாமல் தண்ணீர் ஊற்றியும் பாருங்கள். சுட்ட கூட்டை டையில் (உப்பிய கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தும் எஃகு அச்சு) போடாமல், பழைய பிரைமரை எடுக்காமல், காய்ந்த நிலையில் எடை போடுங்கள். துளிக்குழாயால் வாய் வரை தண்ணீர் நிரப்பி, உள்சுவரில் ஒட்டிய காற்றுக்குமிழ் போகச் சுண்டிவிட்டு, மேல்மட்டம் குழியாகவும் இல்லாமல் மேடாகவும் இல்லாமல் சமமாக நிற்கும்போது மறுபடி எடை போடுங்கள். வித்தியாசம்தான் கொள்ளளவு. இரண்டு வகையிலும் ஐந்தைந்து கூடுகள் போதும்.

அடுத்த சோதனைக்குக் கருவியே வேண்டாம். சுட்ட கூட்டை நிமிர்த்திப் பிடித்து, புதுக் குண்டு ஒன்றை அடிப்பக்கம் கீழாக வைத்து அதன் வாயில் விட வேண்டும். கழுத்து சேம்பரில் சரியாக விரிந்திருந்தால் குண்டு தன் கனத்திலேயே 'டொக்' என்று உள்ளே விழும். இந்தக் கூடுகளில் விழவில்லை. விளிம்பிலேயே தட்டி நின்றது. வாயின் உள்விளிம்பில் நகத்தை ஓட்டினால் மெல்லிய சுருட்டு ஒன்று தட்டுப்பட்டது. கூடு நீளம் மிஞ்சி, வாய் நுனி சேம்பரின் முனையில் போய் இடித்து, உள்பக்கமாக மடிந்து குண்டைக் கவ்வியதன் தடம் அது. போல்ட்டை மூடும்போது கையில் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் மருந்து எரியும் நேரத்தில் கழுத்து விரிந்து குண்டை விடுவிக்க இடமில்லை. காலிப்பரில் வைத்தால் 2.021 அங்குலம். .308 கூட்டின் உச்ச நீளம் 2.015. ஆறு தவ் மீறல் அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றப் போதும். எல்லா கூடுகளும் ஒரே அளவில் மீறாததால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு பிடியிலிருந்து கிளம்பும், குறியும் கெடும்.

நீளத்தை எப்போதும் டையில் அழுத்திய பிறகு அளக்க வேண்டும், முன்பு அல்ல. டை உடம்பை இறுக்கும்போது பித்தளை கழுத்து வழியாக மேலே ஏறுகிறது. 2.005 அங்குலத்துக்கு வெட்டி, உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் லேசாகச் சாய்த்துவிடுங்கள். வாய் கத்தி முனைபோல ஆகிவிடக் கூடாது. கூட்டின் நீளம் சரியாக இருந்தும் இதே அறிகுறி வந்தால் சேம்பரில் கழுத்து முடியும் இடத்தைப் பாருங்கள். அங்கே கரி வளையமாக இறுகிப் போயிருக்கும். நீளமான கூடு செய்கிற அதே வேலையை அதுவும் செய்யும்.

கூடு ஏன் இவ்வளவு நீண்டது என்பதற்கு விடை தோளில். டையோடு வரும் குறிப்புத்தாள் பெரும்பாலும், டையை, கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர் தொடும்வரை இறக்கி அதற்கு மேல் கால் சுற்று திருகச் சொல்லும். எந்தச் சேம்பரிலும் நுழைய வேண்டும் என்பதற்காகச் சொல்லும் அளவு அது. இந்த ரைஃபிளின் சேம்பருக்கு அது அதிகம். .308இல் தோளின் மேல் 0.400 அங்குல விட்டம் வரும் இடத்திலிருந்து அடிவரைதான் அளவு. சேம்பரைச் சோதிக்கும் அளவுக்கட்டைகளில், போல்ட் மூட வேண்டிய 'கோ' கேஜ் 1.630, மூடக் கூடாத 'நோ-கோ' 1.634. தோள் அளக்கும் கம்பரேட்டரைக் காலிப்பரில் மாட்டி, சுட்ட கூட்டையும் டையில் அழுத்திய கூட்டையும் அளந்தால் வித்தியாசம் எட்டு தவ் வந்தது. ஒவ்வொரு முறை சுடும்போதும் எட்டு தவ் நீண்டு, ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் எட்டு தவ் பின்னே போய், அந்தப் பித்தளை எல்லாம் அடிக்குச் சற்று மேலே உள்ள சுவரிலிருந்து பிடுங்கப்படுகிறது. வெளியே அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் தெரியும். உள்ளே பார்க்க ஜெம் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியைச் செங்கோணமாக வளைத்துக் கூராக்கி, கூட்டின் உள்சுவரில் அடியிலிருந்து மேலே இழுக்க வேண்டும். நல்ல கூட்டில் வழவழவென்று வரும். நைந்த கூட்டில் நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறுவது விரலுக்குத் தெரியும். பள்ளம் தட்டிய கூட்டை இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போடுங்கள், மறுபடி பெட்டிக்குள் போய்விடாமல் இருக்க. அடுத்த முறை அது சேம்பருக்குள்ளேயே இரண்டாகத் துண்டிக்கும், 62,000 பவுண்டு அழுத்தத்தில் உள்ள வாயு போல்ட் வழியாக முகத்தை நோக்கி வரும். கண்ணாடி அணியாமல் சுடக் கூடாது என்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

டையைக் கால் சுற்று பின்னே எடுத்து, சிறிது சிறிதாக இறக்கி, சுட்ட அளவைவிட இரண்டு தவ் மட்டும் தோள் பின்னே போகும்படி பூட்டிவிடுங்கள். போல்ட் ஆக்‌ஷனுக்கு ஒன்று முதல் இரண்டு தவ். தானாக ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளுக்கு மூன்று, நான்கு. எண்ணெய்ப் பூச்சு குறைந்தால் அளவு மாறும், பித்தளை இறுகினாலும் மாறும். பத்துக் கூட்டுக்கு ஒன்றை அளந்துகொண்டே போக வேண்டும்.

ராணுவக் கூட்டின் பிரைமர் குழியில் ஒரு நெரிப்பு இருக்கும். பழைய பிரைமரைத் தட்டி எடுத்த பின் அந்த நெரிப்பை ஸ்வேஜ் செய்தோ (அழுத்தி விரித்தோ) ரீமரால் சீவியோ எடுக்காவிட்டால் புதுப் பிரைமர் கோணலாக நுழையும், அல்லது மேலே துருத்தி நிற்கும். சரியாகப் பொருந்திய பிரைமர் கூட்டின் அடிமட்டத்தைவிட மூன்று முதல் ஐந்து தவ் உள்ளே இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். லார்ஜ் பிஸ்டல் பிரைமரை இங்கே போட்டுவிடக் கூடாது. விட்டம் ஒன்றேதான், ஆனால் உயரம் குறைவு, தகடு மெல்லியது, ஃபயரிங் பின் துளைத்துவிடும்.

குண்டு எவ்வளவு ஆழம் என்பது அழுத்தம், குறி இரண்டையும் நேரடியாகத் தொடும் அளவு. மருந்தும் பிரைமரும் இல்லாத வெற்றுக் கூட்டின் கழுத்தில் மெல்லிய ரம்பத்தால் ஒரு கீறல் போட்டு, குண்டை வெளியே தள்ளியபடி வைத்து, மெதுவாக போல்ட்டை மூடித் திறந்தால், பேரலுக்குள் இருக்கும் சுழல் புரியின் மேடு குண்டைத் தொடும் இடம் வரை அது உள்ளே தள்ளப்பட்டிருக்கும். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். குண்டின் மூக்கிலிருந்து அளக்காமல் வளைவிலிருந்து கம்பரேட்டரால் அளக்க வேண்டும், மேட்ச் குண்டுகளின் மூக்கு ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அந்த இடத்திலிருந்து 20 தவ் பின்னே வைத்துத் தொடங்குவது நல்லது. மேகசினில் போகவேண்டும் என்றால் .308க்கு மொத்த நீளம் 2.810 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். குண்டு மேட்டைத் தொட்டுக்கொண்டு இருந்தால், அது நகரத் தொடங்கும் முன்பே அழுத்தம் எகிறுகிறது. 20 தவ் இடைவெளியில் சரியாகப் பார்த்து வைத்த மருந்தை, குண்டை மட்டும் முன்னே தள்ளி அப்படியே சுடக் கூடாது. மருந்தைக் கீழிருந்து மறுபடி ஏற்றிவர வேண்டும்.

இதற்கெல்லாம் பிறகுதான் மருந்து. இங்கே எடையை எண்ணாகக் கொடுக்காதது வேண்டுமென்றேதான். ஒருவருடைய பேரலுக்கும் ஒரு டப்பா மருந்துக்கும் சரியாக இருந்த எண்ணை இன்னொருவர் நகலெடுப்பதிலிருந்துதான் இந்தப் பதிவின் முதல் பத்தியில் உள்ள மாதிரிக் கோளாறுகள் கிளம்புகின்றன. கையேட்டின் தொடக்க அளவிலிருந்தே தொடங்குங்கள். அது இல்லாத கையேட்டில் உச்சத்திலிருந்து 10 விழுக்காடு கீழே. ராணுவக் கூடு என்றால் வேகத்தைப் பார்த்துப் பார்த்து ஏறுங்கள். இந்த அளவுக் கூட்டில் ஒரு படி 0.3 முதல் 0.5 கிரெயின். தொடக்க அளவுக்கும் கீழே போவது பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம், மெதுவாக எரியும் மருந்தைக் கூட்டில் கொஞ்சமாகப் போட்டால் அழுத்தம் கணிக்க முடியாதபடி நடந்துகொள்ளும். கூடு, பிரைமர், குண்டு, மருந்து லாட் (தயாரிப்புத் தொகுதி) எண் இவற்றில் எது மாறினாலும் மறுபடி கீழிருந்து. டிஜிட்டல் தராசைப் போட்டு அரை மணி நேரம் சூடாக விடுங்கள், மின்விசிறியை அணையுங்கள், பத்து தோட்டாவுக்கு ஒருமுறை சோதனைப் படிக்கல்லை வைத்துப் பாருங்கள். நிரப்பிய தோட்டாவை வெயிலில் காயவிடவோ, சூடான சேம்பரில் போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கவோ கூடாது. மருந்தின் சூடு ஏறினால் வேகமும் அழுத்தமும் ஏறும்.

இனி சிதறல். மருந்தை 0.02 கிரெயின் துல்லியத்துக்கு எடை போட்டுவிட்டு 100 கஜத்தில் சிதறல் ஏன் சுருங்கவில்லை என்று கேட்பவர்கள் அதிகம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வினாடிக்கு 2,650 அடி வேகத்தில் கிளம்பும் 168 கிரெயின் குண்டு 100 கஜத்தை 0.12 வினாடியில் கடக்கும். அதற்குள் பூமி இழுப்பில் சுமார் 2.7 அங்குலம் விழும். வேகத்தில் 50 அடி வித்தியாசம் இருந்தால் விழும் தூரம் 4 விழுக்காடு மாறும், அதாவது பத்தில் ஒரு அங்குலம். இரண்டரை அங்குலச் சிதறலை வேக வித்தியாசத்தின் மேல் போட முடியாது. 600 கஜத்தில் அதே 50 அடி மேலும் கீழுமாக ஐந்து அங்குலம் தள்ளும். அங்கே எடை முக்கியம்.

100 கஜத்தில் இவ்வளவு சிதறினால் முதலில் கையை ரைஃபிளில் வையுங்கள். ஸ்கோப் வளையத்தின் திருகுகள் 15 முதல் 18 அங்குல-பவுண்டு, ஆக்‌ஷன் திருகுகள் ஸ்டாக் தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு. பேரலுக்கும் ஸ்டாக்கின் மரத்துக்கும் நடுவே ஒரு தாளை விட்டு முன்னிருந்து பின்வரை இழுத்துப் பார்க்க வேண்டும், எங்கும் சிக்கக் கூடாது. பேரலுக்குள் செம்பு படிந்திருந்தால் செம்பு கரைப்பான் போட்டு எடுங்கள். பிறகு கடையில் விற்கும் மேட்ச் தோட்டா பத்து சுடுங்கள். அதுவும் இரண்டு அங்குலத்துக்குப் போனால் உங்கள் தோட்டாவைக் குறை சொல்ல இடமில்லை. அது ஓரங்குலத்தில் நின்றால் மறுபடி கூட்டின் கழுத்துக்கு வரலாம்.

கழுத்தில் இரண்டு விஷயம். டைக்குள் இருக்கும் விரிக்கும் உருண்டை, காய்ந்த கழுத்தைக் கீச்சென்று இழுத்துக்கொண்டு வெளியே வந்தால் கழுத்து ஒருபக்கமாகச் சாயும். உருட்டிப் பார்க்கும் அளவியில் நிரப்பிய தோட்டாவின் குண்டு மூன்று தவ்வுக்கு மேல் ஆடினால் முதலில் கழுத்தின் உள்ளே கிராஃபைட் தடவி இழுங்கள். மற்றது பிடி. கழுத்தின் உள்விட்டம் குண்டைவிட இரண்டு தவ் குறைவாக இருந்தால் பிடி போதும். நாலைந்து முறை சுட்டு அழுத்திய பித்தளை இறுகி ஸ்பிரிங் போல ஆகிவிடும். ஒரு கூடு மெதுவாகப் பிடிக்கும், அடுத்தது கெட்டியாக. குண்டைப் பொருத்தும்போது பிரஸ் நெம்புகோலில் கை உணரும் வித்தியாசம் அதுதான். கழுத்தையும் தோளையும் மட்டும் தீயில் காட்டிப் பதப்படுத்தினால் இது சமமாகும். கழுத்தின் உள்ளே 750 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பநிலைப் பூச்சு உருகும் நொடியில் எடுத்துவிடுங்கள். அடிப்பகுதி சூடாகவே கூடாது. அங்கே பித்தளை மென்மையானால் அழுத்தத்தைத் தாங்க ஒன்றும் இல்லை.

மூன்று குண்டு சுட்டு முடிவுக்கு வர வேண்டாம். ஒரே ரைஃபிள், ஒரே தோட்டா, மூன்று குண்டுச் சிதறல் சராசரியாகப் பத்து குண்டுச் சிதறலில் ஐந்தில் மூன்று பங்குதான் இருக்கும். இரண்டு மருந்து அளவுகளை மூன்று மூன்று குண்டால் ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது காசு சுண்டுவதற்குச் சமம். பத்து பத்தாகச் சுடுங்கள், அல்லது ஐந்து ஐந்தாக இரண்டு தாளில் சுட்டு ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.

இந்த ரைஃபிளில் கூடுகளை 2.005க்கு வெட்டி, தோளை இரண்டு தவ்வில் நிறுத்தி, நெரிப்பைச் சீவி, நைந்த கூடுகளைத் தள்ளிவிட்டு, மருந்தைத் தொடக்க அளவிலிருந்து ஏற்றியபோது, கையேடு எதிர்பார்க்கும் வேகம் கையேட்டு எடையைவிட ஒரு கிரெயினுக்கும் சற்று அதிகமாகக் குறைந்த எடையிலேயே வந்து சேர்ந்தது. அங்கேயே நிறுத்தியாயிற்று. போல்ட் ஒரு விரலால் தூக்க வருகிறது, அடியில் வட்டம் இல்லை. 100 கஜத்தில் பத்து குண்டு ஓரங்குலமும் கொஞ்சமும். பெட்டி மூடியில் ஒட்டிய சீட்டில் கூட்டின் பெயர், எத்தனையாவது சுடுதல், வெட்டிய நீளம், தோள் அளவு, பிரைமர் லாட், மருந்து லாட், எடை, குண்டு வளைவு நீளம், அன்றைய வெப்பநிலை, சராசரி வேகம். லேக் சிட்டி கூடுகளுக்கு ஒரு பெட்டி, வணிகக் கூடுகளுக்கு இன்னொரு பெட்டி. இரண்டும் ஒரே அலமாரித் தட்டில் வேண்டாம்.